நடந்தால் யோசனை பிறக்குமா?

பிறக்கும், ஆனால் எல்லா வகை யோசனையும் அல்ல.

எனக்குப் பிடித்த சான்று அயர்லாந்துக் கணித மேதை வில்லியம் ஹாமில்டன். மூன்று எண்கள் கொண்ட தொகுதிகளைப் பெருக்குவது எப்படி என்று பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டவர். காலைச் சாப்பாட்டுக்கு வந்தால் பிள்ளைகளே, “அப்பா, பெருக்க வந்துவிட்டதா?” என்று கேட்பார்களாம். “இல்லை, கூட்டவும் கழிக்கவும்தான் வருகிறது” என்பார். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் ராயல் கால்வாய்க் கரையோரம் மனைவியோடு ஒரு கூட்டத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது விடை பளிச்சிட்டது: மூன்று போதாது, நான்கு வேண்டும். பேனாக்கத்தியால் புரூம் பாலத்துக் கல்லிலேயே சூத்திரத்தைச் செதுக்கினார். அந்தச் செதுக்கல் அழிந்துவிட்டது; இன்று அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. இன்றைய கணினி விளையாட்டுகளில் உருவங்களைச் சுழற்றுவது அந்தக் கணிதம்தான்!

டார்வினும் தன் தோட்டத்து மணல் பாதையில் தினமும் சுற்றியவர்.

2014-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். நடந்தவர்களின் புதுமையான யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும் பலன் கிடைத்தது; ஆக, இயற்கைக் காட்சி கட்டாயமில்லை. ஆனால் ஒரே ஒரு சரியான விடை கேட்கும் புதிர்களில் நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள்.