பிஎஃப் பதில் சொல்லாதபோது விஎஃப் என்ன செய்ய வேண்டும்?

அன்புள்ள ஐயா,

நெட்வொர்க் டிரைவர்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பவன் நான். எங்கள் குழு இப்போது ஒரு எஸ்ஆர்-ஐஓவி கார்டுக்கு, அதாவது ஒரே நெட்வொர்க் கார்டைப் பல மெய்நிகர் இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கார்டுக்கு, விஎஃப் டிரைவர் எழுதிக்கொண்டிருக்கிறது. மெய்நிகர் இயந்திரத்துக்குக் கிடைக்கும் பங்கு விஎஃப், ஹோஸ்ட் கையில் வைத்திருக்கும் முதன்மைப் பகுதி பிஎஃப். ஒவ்வொரு விஎஃப்-க்கும் செய்தி எழுதிவைக்க ஒரு சின்ன மெயில்பாக்ஸ் பஃபர், இரண்டு பக்கமும் அதையே பகிர்ந்துகொள்ள வேண்டும். மேக் முகவரி மாற்றுவது, விலான் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரிக்கப்பட்ட தனி நெட்வொர்க்) சேர்ப்பது எல்லாம் அதன் வழியாக பிஎஃப்-இடம் கேட்டுத்தான். பதில் வராவிட்டால் டைம்அவுட் ஆனதும் திரும்ப அனுப்பு, மூன்று முறை வரை பார் என்று எழுதியிருக்கிறேன். நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஹோஸ்ட்டில் சுமை ஏறும்போது எப்போதாவது ஒருமுறை, விஎஃப் தன் மேக் முகவரி என்று காட்டுவது ஒன்றாகவும் பிஎஃப் பதிந்து வைத்திருப்பது வேறொன்றாகவும் இருக்கிறது. பாக்கெட் வருவது நின்றுவிடுகிறது. லாகில் எந்தப் பிழையும் இல்லை.

குழுவில் மூத்தவர் ஒருவர் "ரீட்ரை போடாதே, டைம்அவுட் ஆனால் ரீசெட் செய்" என்கிறார். ஏன் என்று கேட்டால், எல்லா டிரைவரும் அப்படித்தான் என்கிறார். ஒரு பதில் தாமதமானதற்கு முழு விஎஃப்-ஐயும் ரீசெட் செய்வது எனக்கு அதிகப்படியாகத் தெரிகிறது. அதோடு அடிப்படையாக ஒரு சந்தேகம்: ஒரு மேக் முகவரியை மாற்ற இவ்வளவு சுற்று எதற்கு? விஎஃப்-ஐயே கார்டின் ரெஜிஸ்டரில் (அமைப்புகளை வைத்திருக்கும் இடத்தில்) எழுத விட்டால் என்ன?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் மூத்தவர் சொன்னது சரி. காரணத்தையும் அவர் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் காரணம் தெரியாமல் ரீசெட் போட்டால் அதையும் தப்பாகத்தான் போடுவோம்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். விஎஃப் ஒரு கெஸ்ட்டின், அதாவது ஹோஸ்ட்டில் ஓடும் மெய்நிகர் இயந்திரத்தின், கையில் இருக்கிறது. அந்த கெஸ்ட்டில் யார் ரூட், என்ன கெர்னல், டிரைவரை யார் திருத்தினார்கள் என்று ஹோஸ்ட்டுக்குத் தெரியாது, தெரிந்தாலும் நம்பக் கூடாது. பாக்கெட் போகும் பாதை கெஸ்ட்டுக்கே சொந்தம், அதன் க்யூக்களை அது நேராக இயக்கிக்கொள்கிறது, அங்கே பிஎஃப் குறுக்கே வருவதில்லை. வேகத்துக்காகத்தானே எஸ்ஆர்-ஐஓவி. ஆனால் எந்த மேக் முகவரி எந்த விஎஃப்-க்குப் போகும் என்கிற அட்டவணை, விலான் ஃபில்டர், ஒரு ஃப்ரேம் அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது, இதெல்லாம் பொதுச்சொத்து. இன்டெலின் 82599 கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஃப்ரேம் அளவின் உச்சவரம்பு போர்ட் முழுவதற்கும் ஒரே ரெஜிஸ்டர். ஒரு கெஸ்ட் தன் வசதிக்கு அதை மாற்றினால் பக்கத்து கெஸ்ட்டையும் அது பாதிக்கும். மேக் அட்டவணையில் எழுத விட்டால் அடுத்தவருக்கு வரும் பாக்கெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். அதனால் விஎஃப் கேட்கும், பிஎஃப் முடிவு செய்யும். இந்தக் கேட்பதும் சொல்வதும் எப்படி நடக்க வேண்டும் என்று, பிசிஐ தரங்களை வகுக்கும் அமைப்பான பிசிஐ-சிக் 2007-இல் வெளியிட்ட எஸ்ஆர்-ஐஓவி வரையறை விதிக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகச் செய்து வைத்திருக்கிறது, உங்களைப் போன்றவர்கள் அதே குழியில் திரும்பத் திரும்ப விழ வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் பிழைக்கு வருவோம். உங்கள் கார்டு எது என்று எழுதவில்லை, ஆனால் நீங்கள் சொல்லும் அமைப்பு 82599-இல் இருப்பதைப் போலவே இருக்கிறது, அதை வைத்தே சொல்கிறேன். அதில் ஒவ்வொரு விஎஃப்-க்கும் 64 பைட், அதாவது 32 பிட் அளவில் 16 சொற்கள். போகிற செய்தி, வருகிற செய்தி இரண்டுக்கும் அதே 64 பைட்தான். பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர், அதில் விஎஃப் பஃபரைப் பிடித்திருக்கிறது என்று ஒரு பிட், பிஎஃப் பிடித்திருக்கிறது என்று ஒரு பிட், கோரிக்கை வைத்தேன் என்று ஒன்று, படித்துவிட்டேன் என்று ஒன்று. விஎஃப் முதலில் பஃபரைப் பிடிக்கும், செய்தியை எழுதும், கோரிக்கை பிட்டைத் தட்டும். பிஎஃப்-க்கு இன்டரப்ட் போகும். பிஎஃப் செய்தியைத் தன் நினைவகத்துக்கு நகல் எடுத்து, ஆராய்ந்து, பதிலை அதே பஃபரில் எழுதித் திரும்பத் தட்டும். பதிலில் அதே கோரிக்கை எண் இருக்கும், மேல் பிட்களில் ஏற்றேன் அல்லது மறுத்தேன் என்ற குறி சேர்ந்திருக்கும்.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது, பஃபரைப் பிடிக்கும் அந்தப் பூட்டு ஒரு நகலெடுப்பை மட்டும்தான் காக்கிறது. கேள்வி கிளம்பியதிலிருந்து பதில் வந்து சேரும் வரைக்குமான முழுச் சுற்றை அது காப்பதில்லை. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று சொல்லும் வரிசை எண்ணும் கிடையாது.

இப்போது உங்கள் ஹோஸ்ட்டில் சுமை ஏறுகிறது. விஎஃப் "என் மேக் முகவரியை முதல் முகவரிக்கு மாற்று" என்று கேட்கிறது. பிஎஃப் அதை நகலெடுத்துவிட்டது, ஆனால் பதில் எழுதுவதற்குள் வேறு வேலைக்கு இழுக்கப்பட்டுவிட்டது. விஎஃப்-க்கு டைம்அவுட். உங்கள் ரீட்ரையும் தீர்ந்து, மேலே இருந்தவர் வேறொரு முகவரியைக் கொடுக்கிறார், விஎஃப் "இரண்டாவது முகவரிக்கு மாற்று" என்று பஃபரில் எழுதித் தட்டுகிறது. அந்த நேரம் பார்த்து பிஎஃப் எழுந்து வந்து, முதல் கோரிக்கைக்கான பதிலை, அதாவது "மேக் மாற்றம், ஏற்றேன்" என்பதை, அதே பஃபரில் எழுதுகிறது. உங்கள் இரண்டாவது கோரிக்கை படிக்கப்படாமலே அழிந்துவிட்டது. விஎஃப் பார்க்கிறது: கோரிக்கை எண் பொருந்துகிறது, ஏற்றேன் என்று குறி இருக்கிறது. இரண்டாவது முகவரி பதிந்துவிட்டது என்று நம்பிக்கொள்கிறது. பிஎஃப்-க்கு கோரிக்கை பிட் இன்னும் தெரிகிறது, போய்ப் படிக்கிறது, அங்கே இருப்பது தான் எழுதிய பதில். லினக்ஸின் 82599 பிஎஃப் டிரைவரில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது: படித்த செய்தியில் ஏற்பு, மறுப்புக் குறி ஏற்கெனவே இருந்தால் அது முடித்த செய்தி, ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடு. நியாயமான சோதனைதான். ஆனால் விளைவு, பிஎஃப்-இடம் முதல் முகவரி, விஎஃப்-இடம் இரண்டாவது, யாருக்கும் பிழை இல்லை. நீங்கள் எழுதிய அறிகுறி அப்படியே இதுதான், லாகில் ஒன்றும் இல்லை என்பது உட்பட.

டைம்அவுட் ஆனதும் நாம் "நடக்கவில்லை" என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படி எடுத்துக்கொள்ள நமக்கு எந்த ஆதாரமும் இல்லை. நடந்திருக்கலாம், நடக்காமல் இருக்கலாம், இனிமேல் நடக்கலாம். தெரியாத நிலையில் இருக்கும் ஒருவரிடம் இன்னொரு கோரிக்கையை வைத்தால் தெரியாதவை இரண்டாகிறது, அவ்வளவுதான். அதே முகவரியை அப்படியே திரும்ப அனுப்பினால் பெரும்பாலும் கேடில்லை, ஆனால் "இன்னொரு ஃபில்டர் சேர்" போன்ற கோரிக்கைகள் இரண்டு முறை நிறைவேறினால் இரண்டு இடம் போய்விடும், பிஎஃப் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. லினக்ஸின் 82599 விஎஃப் டிரைவர் பல வருடங்களாக என்ன செய்து வந்தது பாருங்கள்: 500 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை வீதம் 2000 முறை எட்டிப் பார்க்கும், ஆக ஒரு நொடி. பதில் வராவிட்டால் தன் டைம்அவுட் எண்ணையே பூஜ்ஜியமாக்கிவிடும். அதற்குப் பிறகு அனுப்ப முயலும் ஒவ்வொரு செய்தியும், ரீசெட் நடந்து மெயில்பாக்ஸ் மறுபடி நிலைநாட்டப்படும் வரை, உடனே தோல்விதான். முதலில் இது மூர்க்கமாகத் தெரியும். ஆனால் தெரியாத நிலையில் யாரும் எதுவும் பேசக் கூடாது என்பதை ஒரே ஒரு எண்ணால் உறுதிசெய்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

மறுப்பு வந்தால் கதை வேறு. அது தெளிவான பதில். ஹோஸ்ட்டின் நிர்வாகி அந்த விஎஃப்-க்கு ஒரு மேக் முகவரியைக் கட்டிவைத்திருந்து, விஎஃப்-ஐ நம்பகமானதாகக் குறிக்கவில்லை என்றால், கெஸ்ட் மாற்றக் கேட்கும்போது பிஎஃப் மறுக்கும். அங்கே ரீட்ரையும் வேண்டாம், ரீசெட்டும் வேண்டாம். பழைய முகவரியையே வைத்துக்கொண்டு, அனுமதியில்லை என்று மேலே சொல்லுங்கள். இந்த இரண்டையும் உங்கள் கோடில் ஒரே பிழை எண்ணாகத் திருப்புகிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன், கடிதத்தில் மறுப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பிஎஃப்-ஏ ரீசெட் ஆகியிருந்தால் அது எல்லா விஎஃப்-களையும் மறந்திருக்கும். இன்டெல் டிரைவர்களில் விஎஃப் ரீசெட் முடித்த பிறகுதான் மற்றக் கோரிக்கைகள் எடுபடும், அதுவரை எது கேட்டாலும் மறுப்பு. "இனி அனுப்பலாம்" என்று காட்ட செய்தியில் தனியாக ஒரு பிட் இருக்கிறது. மறுப்பு வந்து, அந்த பிட்டும் இல்லையென்றால், அது கோரிக்கைக்கான மறுப்பல்ல, ரீசெட் செய்துவிட்டு வா என்கிற அழைப்பு.

அப்புறம் ரீசெட் பற்றிய உங்கள் பயம். இங்கே ரீசெட் என்பது போர்ட்டை இறக்கி ஏற்றுவது அல்ல, அந்த ஒரு விஎஃப் மட்டும். பிஎஃப் அந்த விஎஃப்-இன் ஃபில்டர்களைத் துடைத்துவிட்டு, அதற்கான மேக் முகவரியைப் பதிலில் தரும். இரண்டு பேருக்கும் ஒரே நிலை தெரியும் என்கிற இடத்துக்கு வந்துவிடுகிறோம், மெயில்பாக்ஸில் அதற்கு வேறு வழி கிடையாது. அதற்குப் பிறகு விஎஃப் தனக்கு வேண்டியவற்றை, மேக், விலான்கள், மல்டிகாஸ்ட் பட்டியல் (பலருக்கும் சேர்த்து அனுப்பப்படும் முகவரிகளில் எவற்றைக் கேட்க வேண்டும் என்பது), ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்க வேண்டும். இந்தப் பட்டியல் டிரைவரின் நினைவில் இல்லை என்றால்தான் ரீசெட் பயங்கரமாகிறது, ரீசெட்டுக்குப் பின் விலான் காணாமல் போகும், ஆட்கள் ரீசெட்டையே திட்டுவார்கள். என்ன வேண்டும் என்பதை டிரைவர் வைத்திருக்கட்டும், என்ன கிடைத்தது என்பதை பிஎஃப்-இன் பதில் மட்டும் சொல்லட்டும். இரண்டையும் ஒரே மாறியில் வைக்காதீர்கள்.

பிஎஃப் பக்கத்தையும் உங்களால் மாற்ற முடியும் என்றால், செய்தியில் ஓர் அடையாள எண்ணைச் சேருங்கள், பதில் அதே எண்ணோடு திரும்பி வரட்டும். லினக்ஸில் ஹுவாவேயின் நெட்வொர்க் கார்டுகளுக்கான எச்என்எஸ்3 டிரைவரில் 2021-இல் இதைத்தான் செய்தார்கள். முதல் கோரிக்கை டைம்அவுட் ஆனபின் இரண்டாவது கோரிக்கை முதலாவதின் பதிலை வாங்கிக்கொள்கிறது என்பதே அங்கேயும் சிக்கல். ஆனால் ஒற்றை பஃபர் இருக்கும் வரை அடையாள எண் தவறான பதிலைக் கண்டுபிடிக்கத்தான் உதவும், அழிந்துபோன கோரிக்கையை மீட்டுத் தராது, அதனால் ரீசெட் வழியை எடுத்துவிடாதீர்கள். இன்னொன்று, ஹோஸ்ட்டின் பிஎஃப் டிரைவரும் கெஸ்ட்டின் விஎஃப் டிரைவரும் ஒரே நாளில் புதுப்பிக்கப்படப் போவதில்லை. கெஸ்ட்டில் பல வருடப் பழைய டிரைவர் இருக்கும். முதலில் பதிப்பைப் பேசி முடிவுசெய்யுங்கள். 82599-இன் விஎஃப் டிரைவர் புதிய பதிப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே 1.0 வரை இறங்கி வரும், எதற்கு பிஎஃப் சரி என்கிறதோ அதில் நிற்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து அங்கேதான் போய் முட்டுவீர்கள். மல்டிகாஸ்ட் பட்டியலை மாற்றச் சொல்லி லினக்ஸ் உங்கள் டிரைவரைக் கூப்பிடும் இடத்தில் தூங்க முடியாது, அதாவது சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்க முடியாது, ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்தபடிதான் கூப்பிடும். அங்கே ஒரு நொடி வரை மெயில்பாக்ஸை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு சிபியு அவ்வளவு நேரமும் வேறு எதற்கும் உதவாது. இன்டெலின் பிந்தைய ஐஏவிஎஃப் டிரைவர் கோரிக்கையைக் கொடியாகக் குறித்துவைத்துப் பின்னணி வேலையில் அனுப்புகிறது, ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான் வெளியே இருக்கும். இது நல்லது, ஆனால் இதற்கும் விலை உண்டு: பிஎஃப் பதில் சொல்வதற்கு முன்பே பயனருக்கு வெற்றி என்று சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது. மேக் மாற்றத்தில் அப்படி நடக்கக் கூடாது என்று பிற்பாடு பிஎஃப் பதிலுக்காக 2.5 நொடி வரை காத்திருக்கும்படி மாற்றினார்கள். தூங்க அனுமதி உள்ள இடத்தில் காத்திருங்கள், இல்லாத இடத்தில் குறித்துவையுங்கள்.

சின்ன எச்சரிக்கை ஒன்று: 82599-இன் விஎஃப் பக்கத்து ரெஜிஸ்டரில் சில பிட்கள் படித்தாலே அழிந்துவிடும். வேறு எதையோ பார்க்கப் படித்தால் "பதில் வந்தது" பிட்டும் சேர்ந்து போய்விடும், டிரைவர் அவற்றைத் தனியே சேமித்துவைக்க வேண்டும். உங்கள் கார்டின் ஆவணத்தில் இதைத் தேடிப் பாருங்கள். டீபக்குக்காக ரெஜிஸ்டரை அச்சிடும் ஒரு வரியே பிழையை உண்டாக்கிவிடும்.

சோதிப்பது எளிது. பிஎஃப்-இன் மெயில்பாக்ஸ் கையாளும் இடத்தில், செய்தியை நகலெடுத்த பிறகு, பதில் எழுதும் முன், உங்கள் மூன்று ரீட்ரையும் சேர்ந்த நேரத்தைவிட நீளமான ஒரு தாமதத்தைப் போடுங்கள். கெஸ்ட்டில் மேக் முகவரியை ஒன்றுக்கு மாற்றி, அது தோற்றவுடனே இன்னொன்றுக்கு மாற்றுங்கள். ஹோஸ்ட்டில் அந்த விஎஃப்-க்குப் பதிந்திருப்பதையும் கெஸ்ட் காட்டுவதையும் ஒப்பிடுங்கள். ரீட்ரை உள்ள கோடில் ஒருமுறை, ரீட்ரையை எடுத்து டைம்அவுட்டுக்கு ரீசெட்டும் மறுகோரிக்கையும் போட்ட கோடில் ஒருமுறை. தாமதத்தை டைம்அவுட்டுக்குச் சற்று முன்னும் பின்னுமாக நகர்த்திப் பாருங்கள், அந்த எல்லையில்தான் மிச்சப் பிழைகள் இருக்கும். இரண்டாவது கோடிலும் முகவரிகள் வேறுபட்டால், பிஎஃப் ரீசெட் செய்தியைக் கையாளும் பகுதியை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.