குமரி மாவட்டத்தில் மூன்று நாள்: எதை எந்தக் கிழமை பார்ப்பது?

கேள்வி: பிப்ரவரி முதல் வாரம் திருச்சியிலிருந்து ரயிலில் நாகர்கோவில் வருகிறோம். நான், கணவர், 12 வயது மகள், 7 வயது மகன், முழங்கால் வலியுள்ள மாமியார் என ஐந்து பேர். சனி காலை இறங்கி, திங்கள் இரவு ரயில் ஏற வேண்டும். சனி கன்னியாகுமரி, ஞாயிறு சிதறால், மாத்தூர், திருவட்டாறு, திற்பரப்பு, திங்கள் பத்மநாபபுரம் அரண்மனையும் முட்டமும் என்று போட்டிருக்கிறோம். இது சரியாக வருமா? மாமியாரை எங்கெல்லாம் அழைத்துப் போகலாம்? பிள்ளைகளைக் கடலில் குளிக்க விடலாமா?

பதில்: இடங்களை நன்றாகத் தேர்ந்திருக்கிறீர்கள். கிழமைகள்தான் மாறிவிட்டன. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. அரண்மனையை ஒட்டிய தக்கலை வரை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் வாராவாரம் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும் அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இருந்துவிட்டது. அதனால் மற்ற விடுமுறை நாட்களையும் நம் ஊர்க் காலண்டரை வைத்துக் கணக்கிடக் கூடாது. இன்னொன்று, கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு வரிசை சனி, ஞாயிறில் நீண்டுவிடும், திங்களன்று தளரும். ஆகவே உங்கள் பட்டியலை அப்படியே தலைகீழாக்கினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி, தூரக் கணக்கு. வரைபடத்தில் 40 கிலோமீட்டர் என்றால் திருச்சிப் பக்கம் முக்கால் மணி நேரம். இங்கே ஒன்றேகால், ஒன்றரை மணி ஆகும். ஓர் ஊர் முடிந்து வெட்டவெளி வந்து அடுத்த ஊர் தொடங்கும் வழக்கம் இந்த மாவட்டத்தில் கிடையாது. வீடு, தென்னந்தோப்பு, தேவாலயம், முக்குக் கடை, மறுபடி வீடு என்று தொடர்ந்துகொண்டே இருக்கும். உள்சாலைகள் ஒடுக்கமானவை, வளைவுகளும் அதிகம். ஒரு நாளைக்கு மூன்று இடம் நிம்மதி, நான்கு இடம் ஓட்டம், ஐந்து என்றால் காரில் உட்கார்ந்திருந்ததுதான் மிஞ்சும். மூன்று நாளைக்கும் ஒரே வாடகைக் காரைப் பேசிவிடுங்கள். மலைப்பக்க ஊர்களுக்குப் பேருந்து இருந்தாலும், மாறி மாறி ஏறுவது முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது.

சனிக்கிழமை குளித்துச் சாப்பிட்டு ஒன்பதரை, பத்து மணிக்குள் அரண்மனைக்குப் போய்விடுங்கள். காலை 9 முதல் 1 வரையும், பிற்பகல் 2 முதல் 4.30 வரையும் அனுமதி. பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் இடைவேளை குறுக்கே வந்து அவசரமாக வெளியே வர வேண்டியிருக்கும். முழுதாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். செருப்பை வாசலில் விட்டுவிட வேண்டும். ஒருவழிப் பாதை, பாதியில் திரும்ப முடியாது என்பதை மாமியாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மாடிப்படிகள் மரத்தாலானவை, செங்குத்தானவை, அகலம் குறைந்தவை. பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தின் மரவேலைப்பாட்டையும் கீழ்த்தள முற்றங்களையும் அவர் நிதானமாகப் பார்க்கலாம். மாடிக்கு ஏறாமல் எந்த வழியாக வெளியே வருவது என்று அங்கிருக்கும் பணியாளரிடம் நுழையும்போதே கேட்டுவிடுவது நல்லது.

பிள்ளைகளுக்கு மூன்று விஷயங்களைச் சொல்லி வையுங்கள். முதலாவது தரை: சுண்ணாம்பு, எரித்த சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகிட்டதாகச் சொல்லப்படும் கருந்தரை, குனிந்தால் முகம் தெரியும். இரண்டாவது, மணிக்கூண்டு. மூன்றாவது, ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தில் நிற்கும் ஊறுகாய்ப் பரணிகள், அதாவது ஜாடிகள். ஏழு வயதுப் பையன் உள்ளே ஒளிந்துகொள்ளலாம், அத்தனை பெரியவை. இது திருவிதாங்கூரின் பழைய தலைநகரம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது.

நேரமிருந்தால் பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருடைய படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை அதற்குள் இருக்கிறது. கல்லறையில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறார்கள். வரலாற்றில் ஆர்வமில்லாவிட்டால் விட்டுவிடலாம். மரநிழலில் ஒரு நடை என்பதற்கு மேல் பிள்ளைகளுக்கு அங்கே வேலையில்லை.

மூன்றரைக்குத் தக்கலையில் கிளம்பினால் முட்டத்தில் வெயில் தாழும்போது இறங்கலாம். ஓட்டுநரிடம் சொல்லும்போது “முட்டம், கலங்கரை விளக்கம்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் சின்னமுட்டம் என்று மீன்பிடித் துறைமுகம் ஒன்று இருக்கிறது. கைப்பேசி வரைபடம் சில நேரம் அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். கோவளமும் அப்படித்தான். கன்னியாகுமரிக் கோவளம் வேறு, கேரளக் கோவளம் வேறு. உங்கள் தேதியில் சூரியன் ஏறக்குறைய 6.25-க்கு மறையும். கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறப் பிற்பகலில் சில மணி நேரம் அனுமதிப்பார்கள். அது ஏறுபவர்களுக்கு மட்டும். மாமியார் மேட்டில் கார் நிற்கும் இடத்தருகே உட்கார்ந்தே கடலைப் பார்க்கலாம். முட்டத்தின் வசதியே இதுதான். மணலில் நடக்காமல் உயரத்திலிருந்து கடல் தெரியும் இடங்கள் இந்தக் கரையில் குறைவு.

முட்டத்தைச் சனிக்கிழமைக்கு வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்குள்ள மீனவ ஊர்களில் பெரும்பாலும் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. மீன் வாங்கிப் பார்க்கவோ, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியுமாகச் சாப்பிடவோ சனிக்கிழமைதான் தோது. மரச்சீனி என்றால் நம் மரவள்ளிதான்.

இனி, கடலில் குளிப்பது பற்றி. நேரடியாகச் சொன்னால், வேண்டாம். முட்டத்தின் பாறைகளைப் பாருங்கள்: கறுப்பாக, ஈரமாக, பச்சைப் பாசியோடு இருக்கும் பகுதி வரை அலை வந்து போகிறது என்று அர்த்தம். நீங்கள் போன நேரத்தில் அலை அங்கே வரவில்லை என்பதால் அது பாதுகாப்பாகிவிடாது. பத்துப் பதினைந்து நிமிடம் சின்ன அலைகளாக வந்துகொண்டிருக்கும்; திடீரென்று இரண்டு மூன்று பெரிய அலைகள் சேர்ந்து வரும். படம் எடுக்க முதுகைக் கடலுக்குக் காட்டி நிற்பவர்கள்தான் பெரும்பாலும் அடித்துச் செல்லப்படுகிறார்கள். உலர்ந்து வெளுத்த பாறையைத் தாண்டக் கூடாது என்று பிள்ளைகளுக்கு ஒரே விதியாகச் சொல்லிவிடுங்கள்.

மணற்கரைகளிலும் ஏமாந்துவிடக் கூடாது. சொத்தவிளை, சங்குத்துறை, கணபதிபுரத்தின் லெமூர் கடற்கரை எல்லாம் பார்க்க அழகு. ஆனால் பல இடங்களில் கரை சரிவாக இறங்குகிறது. திரும்பும் அலை காலடி மணலை உருவிக்கொண்டு போகும். இதற்கு மேல், இங்கத்து மீனவர்கள் “கள்ளக்கடல்” என்று சொல்லும் ஒன்று உண்டு. தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயல் எழுப்பிய அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இங்கே வந்து ஏறும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். கடல் மட்டும் பொங்கும். கள்ளன் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படியான எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். கோடையில்தான் இது அதிகம், பிப்ரவரியில் குறைவு. ஆனாலும் ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று அன்று காலை பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் ஊர்க்காரர் யாராவது “இறங்காதே” என்றால் காரணம் கேட்க நிற்காமல் திரும்பிவிடுங்கள். பிள்ளைகள் கால் நனைக்கட்டும், கையைப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் அளவுக்கு. குளியலைத் திற்பரப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறன்று நீங்கள் போட்ட வரிசையைப் புரட்டுங்கள்: முதலில் திற்பரப்பு. நாகர்கோவிலில் ஆறரைக்குக் கிளம்பி எட்டு மணிக்கு அருவியில் நிற்க வேண்டும். பத்து மணிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வந்து சேரும். உடை மாற்றும் அறையிலும் வரிசை, வண்டி நிறுத்தவும் வரிசை. அருவி கோதையாற்றில் இருக்கிறது, மேலே பேச்சிப்பாறை அணை. அதனால்தான் மழை இல்லாத நாட்களிலும் பெரும்பாலும் இங்கே தண்ணீர் விழுகிறது. குற்றாலத்தை மனதில் வைத்து வராதீர்கள். உயரம் குறைவு, அகலம் அதிகம். பிப்ரவரியில் தண்ணீர் மிதமாக இருக்கும், சிறுபிள்ளைகளுக்கு அதுவே நல்லது. மேலே பெய்து வெள்ளம் வந்தால் தடை போட்டுவிடுவார்கள். வழியெல்லாம் ரப்பர் தோட்டங்கள். படங்களில் பார்த்த அடர்பச்சையை இந்த மாதத்தில் எதிர்பார்க்க வேண்டாம்; இலை உதிர்ந்து நிற்கும், அல்லது செம்புநிறத் தளிர் விட்டிருக்கும்.

அங்கிருந்து திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோயில் உச்சிப்பொழுதில் நடைசாத்திவிடும். பதினொரு மணிக்குள் உள்ளே இருந்தால் பதற்றமில்லை. ஆண்கள் மேல்சட்டை கழற்ற வேண்டும், வேட்டி கையோடு இருக்கட்டும். 22 அடி நீளச் சயனத் திருமேனியை மூன்று வாசல்கள் வழியாகத்தான் முழுதாகப் பார்க்க முடியும். 108 திவ்ய தேசங்களில் ஒன்றாக இருந்தும் கூட்ட நெரிசல் இல்லாத கோயில் இது. பிராகாரத் தூண்களில் விளக்கேந்திய பாவைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் நேரம் போவது தெரியாது. கோயில் மேட்டில் இருப்பதால் படிகள் உண்டு. கைத்தாங்கலாக நிதானமாக ஏற்றுங்கள்.

சாப்பாட்டை மட்டும் முன்கூட்டித் திட்டமிடுங்கள். இந்தப் பகுதியில் ஞாயிறன்று பல கடைகள் திறப்பதில்லை. திறந்திருக்கும் உணவகங்களுக்கு மார்த்தாண்டம்தான் நம்பகம். ஆனால் மார்த்தாண்டம் போய்விட்டு மாத்தூருக்குத் திரும்பி வருவது வீண் அலைச்சல். திருவட்டாற்றிலிருந்து மாத்தூர் மூன்று நான்கு கிலோமீட்டர்தான், முதலில் அதை முடித்துவிடுங்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-இல் கட்டி முடிந்தது. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பாசன நீரைக் கொண்டுபோகும் சிமெண்டுத் தொட்டி, அடியில் பறளியாறு. தொட்டியை ஒட்டிய நடைபாதை சமதளம். மாத்தூர்ப் பக்கத்து மேல்முனையில் கார் நின்றால் மாமியாருக்கு ஒரு படிகூட இல்லை. அவர் விரும்பும் தூரம் நடந்துவிட்டுத் திரும்பலாம். ஆற்றுக்கு இறங்கும் நீண்ட படிக்கட்டு பிள்ளைகளுக்கும் அவர்கள் அப்பாவுக்கும். வழக்கமாக ஜூன் தொடங்கி பிப்ரவரி இறுதிவரை பாசனத்துக்கு நீர் விடுவார்கள். உங்கள் தேதியில் தொட்டியில் தண்ணீர் ஓட வாய்ப்பிருக்கிறது. மார்ச்சில் வருகிறவர்களுக்கு வெறும் தொட்டிதான். இடுப்பளவுத் தடுப்பு உண்டு, என்றாலும் உயரம் நூறு அடிக்கு மேல். ஏழு வயதுப் பையனைத் தடுப்பில் ஏற்றி உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டாம்.

மார்த்தாண்டத்தில் சாப்பிட்டு, மூன்று மூன்றரைக்குச் சிதறால் மலையடிவாரம். கல் பாவிய பாதையில் முக்கால் கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றம். இங்கே மாமியார் ஏற வேண்டாம். அடிவாரத்தில் நிழலும் உட்காரும் இடமும் உண்டு, துணைக்கு ஒருவர் இருந்துகொள்ளலாம். ஏறுகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோகட்டும், மேலே கடை கிடையாது. திருச்சாரணத்துமலை என்பது பழைய பெயர். சாரணர் என்றால் சமணத் துறவியர். பாறையின் நெற்றியில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அம்பிகா, பத்மாவதி புடைப்புச் சிற்பங்கள்; ஒன்பதாம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு. பிற்காலத்தில் பகவதி கோயிலாக மாறியது. உச்சியில் நின்றால் தென்னையும் ஆறும் மேற்குத்தொடர்ச்சி மலையும் ஒன்றாகத் தெரியும். கீழே தெரியும் ஆற்றையும் தாமிரபரணி என்பார்கள். அது நெல்லைத் தாமிரபரணி அல்ல, குழித்துறைத் தாமிரபரணி. ஐந்து மணிக்கு இறங்கிவிட்டால், இரவுத் தங்கலுக்குக் கன்னியாகுமரி போய்ச்சேர ஏழு, ஏழரை ஆகும். நான்கு இடம் இந்த ஒரு நாளில் மட்டும். மகனுக்கு அலுத்துவிட்டால் சிதறாலைத்தான் விட வேண்டியிருக்கும், எனக்கு மனமில்லை.

திங்கள் சூரிய உதயம் 6.40 அளவில். ஏழரைக்குப் படகுத்துறை வரிசையில் நின்றால் 8 மணிக்குத் தொடங்கும் முதல் படகுகளில் இடம் கிடைக்கும். பூம்புகார் கப்பல் கழகத்தின் டிக்கெட் படகுக்கு மட்டும். பாறையில் நுழைவுக் கட்டணம் தனி. கடல் சீற்றத்திலும் நீர்மட்டம் தாழ்ந்த நேரத்திலும் வள்ளுவர் சிலைக்குப் படகு நின்றுவிடுவது பழைய தொல்லை. 2024 டிசம்பர் 30-இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வந்தபின் விவேகானந்தர் பாறையிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆடும் படகில் ஏறி இறங்குவதும் பாறையில் படியேறுவதும் முழங்காலுக்குச் சோதனை; மாமியாருக்குக் குமரியம்மன் கோயிலும் காந்தி மண்டபமும் போதும்.

பதினொன்றரைக்கு வட்டக்கோட்டை. பெயர்தான் வட்டம், கோட்டை நீள்சதுரம். மதில்மேல் சரிவுப் பாதை இருப்பதால் படி பயமில்லை, வெயில்தான் அதிகம், குடை எடுங்கள். மதியம் அறையில் ஓய்ந்துவிட்டு, நாலரைக்குக் கிளம்பிச் சுசீந்திரம் போங்கள். கோயில் நடை மாலையில் திறக்கும். இங்கும் ஆண்கள் மேல்சட்டை கழற்ற வேண்டும். அதற்கு முன் பத்து நிமிடம் குளக்கரையில் நின்றால் குளிர்கால வலசைப் பறவைகளைப் பார்க்கலாம். சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை.

அங்கிருந்து ரயில் நிலையம் அரைமணி தொலைவுக்குள்தான். ஆனால் டிக்கெட்டை எடுத்து ஒருமுறை பாருங்கள். நாகர்கோவில் சந்திப்பு, நாகர்கோவில் டவுன் என்று இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. திருவனந்தபுரம் பக்கமிருந்து வரும் சில ரயில்கள் சந்திப்புக்குள் வராமல் டவுன் வழியாகவே போய்விடும். ஓட்டுநரிடம் “ஸ்டேஷன்” என்று மட்டும் சொன்னால் சந்திப்பில்தான் இறக்கிவிடுவார்.