லூயிசியா செடி ஏன் அடியோடு அழுகிப்போகிறது? எப்படி வளர்த்தால் வருடக்கணக்கில் நிற்கும்?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: பூவோடு வாங்கிய லூயிசியா கோட்டிலிடான் நான்கைந்து மாதத்தில் அடியில் கறுத்து, இலைக்கொத்து கையோடு வந்துவிட்டது. தண்ணீரும் அளவாகத்தான் விட்டீர்கள். இரண்டாவது செடிக்கும் அதே கதி.

அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. தண்ணீர் எங்கே நின்றது, எந்தப் பருவத்தில் விட்டீர்கள் என்பதும் பார்க்க வேண்டும். இந்தச் செடிக்கு வேர் ஈரமாக இருக்கலாம், கழுத்து ஈரமாக இருக்கக் கூடாது. இலைக்கொத்தும் வேரும் சேரும் அந்த இரண்டு விரல் அகல இடத்தைத்தான் கழுத்து என்கிறேன். லூயிசியாவைக் கொல்வது பெரும்பாலும் குளிரல்ல, வெயிலுமல்ல, கழுத்தில் தேங்கும் ஈரம்தான்.

செடியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். இது அமெரிக்காவின் மேற்குப் பகுதிச் செடி. வடக்குக் கலிபோர்னியாவும் தெற்கு ஓரிகனும் சேரும் மலைகளில், பாறை வெடிப்புகளில், அதிலும் நிழல் விழும் சரிவுகளில் வளர்கிறது. குளிர்காலம் முழுக்கப் பனியும் மழையும், வசந்தத்தில் பனி உருகி ஓடும் தண்ணீர், கோடையில் சொட்டு மழை கிடையாது. அதனால் உடம்பையே கிடங்காக்கி வைத்திருக்கிறது: சதைப்பற்றான இலைகள், கேரட்போலத் தடித்த வேர். நம் பருப்புக்கீரை, பத்துமணிப்பூ இவற்றுக்கெல்லாம் தூரத்துச் சொந்தம். முன்பு ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள், பிறகு பிரித்துவிட்டார்கள்.

இந்த வேரின் உறுதிக்கு ஒரு பழைய சான்று உண்டு. இதே பேரினத்தைச் சேர்ந்த லூயிசியா ரெடிவிவாவை அமெரிக்க ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் 1806-ல் பயணத்தின்போது பறித்து, காயவைத்து அழுத்திக் கொண்டுவந்தார். அந்தக் காய்ந்த மாதிரி பல மாதம் கழித்தும் உயிரோடிருந்து துளிர்விட்டது. அதனால்தான் 'மீண்டும் உயிர்பெற்றது' என்று பொருள்படும் ரெடிவிவா என்ற பெயர். காகிதத்துக்கு நடுவே அமுங்கிக் கிடந்து பிழைத்த வேர், பிளாஸ்டிக் தொட்டியில் ஈரக் கோகோபீட்டுக்குள் ஒரே மாதத்தில் கூழாகிவிடும்.

வாங்கி வந்ததும் முதல் வேலை தொட்டியிலிருந்து எடுத்துப் பார்ப்பது. நர்சரிகள் லூயிசியாவைப் பெரும்பாலும் பீட்டிலோ (சதுப்புநில மக்கு) கோகோபீட்டிலோதான் வளர்க்கின்றன. சீக்கிரம் பெருக்கும், தூக்கிச் செல்ல எடை குறைவு. விற்கும்வரை அது சரி. உங்களிடம் வந்த பிறகு அதுவே எமன். வேர்க்கட்டியின் நடுவில், கழுத்துக்கு நேர் கீழே, சின்ன வலைப்பையோ துணிச்சுருளோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நாற்றுப் பருவத்தில் போட்டது அது, யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள். சுற்றிலும் நீங்கள் எவ்வளவு நல்ல கலவை போட்டாலும், அந்தப் பைக்குள் இருக்கும் பீட் மட்டும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கழுத்தை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். சின்னக் கத்தரியால் வலையைக் கீறி எடுத்துவிடுங்கள். பீட்டைக் குச்சியால் மெதுவாக உதிர்த்து, மிச்சத்தைத் தண்ணீரில் அலசி எடுக்கலாம். தடித்த வேர் உடையாமல் பாருங்கள். மெல்லிய வேர் கொஞ்சம் போனால் பரவாயில்லை. பூத்துக்கொண்டிருக்கும் செடி என்றால் பூ முடியட்டும், அதுவரை அடியிலிருந்து மட்டும் தண்ணீர் கொடுங்கள். அலசிய செடியை நிழலில் ஒரு நாள் ஆறவிட்டு நடுவது நல்லது.

கலவையில் கஞ்சத்தனம் கூடாது. கஞ்சத்தனம் என்று நான் சொல்வது ஜல்லியில். 3 முதல் 6 மில்லிமீட்டர் கருங்கல் குருணை இரண்டு பங்கு, தோட்டமண் அடிப்படையிலான கலவை ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு அரைப் பங்கு. குருணையைச் சலித்துக் கழுவிவிடுங்கள். அதில் வரும் கல்மாவு இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும், பிறகு அது ஜல்லியும் இல்லை, சிமென்டும் இல்லை என்கிற ஒன்றாகிவிடும். பொடி மணலும் அப்படித்தான். 'மணல் கலந்தேன், வடியும்' என்று நம்பிக் கெட்டவர்கள் ஏராளம். சுண்ணாம்புக்கல் சில்லு வேண்டாம். கோட்டிலிடானுக்கு லேசான அமிலத்தன்மை முதல் நடுநிலைவரையான மண்தான் ஒத்துவரும். கலவை சரியா என்று பார்க்க ஒரு தொட்டியில் நிரப்பி ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளம்போல் நிற்காமல் அப்படியே இறங்கி, சில நொடியில் அடித்துளையில் ஒழுக வேண்டும். நின்றால் இன்னும் ஒரு பங்கு குருணை.

தொட்டி மண்தொட்டியாக இருக்கட்டும். வாய் 12–15 சென்டிமீட்டர் போதும், ஆழம் மட்டும் குறையாமல் பாருங்கள். 'வளரட்டுமே' என்று பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் காயாமல் கிடந்து கெடுதல் செய்யும்.

நடும்போதுதான் பலர் தோற்கிறார்கள். கழுத்து மண்மட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் மேலே நிற்கிற மாதிரி வையுங்கள். பார்க்க அசிங்கமாக, பிடுங்கி வைத்ததுபோல் இருக்கும், இருக்கட்டும். அந்த இடைவெளியை மண்ணால் மூடாமல் வெறும் குருணையால் கழுத்தைச் சுற்றி நிரப்புங்கள். கடைசி வரிசை இலைகள் கல்லின்மேல் படுத்திருக்க வேண்டும், மண்ணைத் தொடவே கூடாது. மரப்பட்டைத் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு என்று ஈரம் பிடிக்கும் எதையும் மேலே போடாதீர்கள்.

இதைவிட நல்ல வழி செடியைச் சாய்த்து நடுவது. இலைக்கொத்து ஒரு கிண்ணம்போல இருக்கிறது அல்லவா, நேராக வைத்தால் மழை நேரே நடுக்குருத்தில் நிற்கும். 45 டிகிரி சாய்த்தால் வழிந்துவிடும். சுவரின் கல் இடுக்கில் பக்கவாட்டாக நட்டால் இன்னும் உத்தமம், மலையில் அது அப்படித்தான் வாழ்கிறது. 5 முதல் 8 சென்டிமீட்டர் இடுக்கில் இளஞ்செடியைப் படுக்கவைத்து, வேர் உள்நோக்கிப் போகும்படி கலவையைக் குச்சியால் குத்தி அடைத்து, கழுத்துக்கு அடியில் ஒரு சின்னக் கல்லை ஆப்பு வையுங்கள். வளர்ந்த செடியை இடுக்கில் திணித்தால் வேர் நசுங்கும், எனவே சின்னச் செடிதான் வேண்டும். சுவர் கட்டும்போதே கல்லுக்குக் கல் நடுவில் வைத்துக்கொண்டு போனால் வேலை மிச்சம்.

இனி தண்ணீர். வசந்தத்தில் புது இலை தெரிந்ததிலிருந்து பூ முடியும்வரை தாராளமாகக் கொடுக்கலாம். மேல் 3 சென்டிமீட்டர் காய்ந்ததும் தொட்டியை இரண்டு விரல் உயரத் தண்ணீரில் இருபது நிமிடம் வைத்து எடுத்து வடியவிடுங்கள். மேலிருந்து ஊற்றியே ஆக வேண்டும் என்றால் தொட்டி ஓரமாக, காலையில். பூ முடிந்து வெப்பம் ஏறியதும் செடி வேலையை நிறுத்திக்கொள்ளும். இலைகள் கொஞ்சம் சுருங்கும், பளபளப்பு குறையும், வெளிவரிசை மஞ்சளாகும். இங்கேதான் விபத்து நடக்கிறது. 'வாடுகிறதே' என்று மனமிரங்கி ஊற்றுகிறோம். தூங்குகிற வேர் அதைக் குடிப்பதில்லை. சூடான மண், ஈரம், வேலை செய்யாத வேர் மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கல்யாணச் சாப்பாடு. கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓரத்தில் கொஞ்சம் போதும். சந்தேகம் வந்தால் இலையைக் கிள்ளிப் பாருங்கள்: தோல்போல் நெகிழ்ந்து இருந்தால் தாகம், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்து கொழகொழத்தால் அழுகல். முதலாவதற்குத் தண்ணீர் தரலாம், இரண்டாவதற்குத் தரவே கூடாது. இரவு குளிரத் தொடங்கியதும் செடி மறுபடி விழிக்கும், அப்போது பழையபடி கொடுங்கள். கடுங்குளிரில் 5 டிகிரிக்குக் கீழே போனால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் பெயருக்கு. காய்ந்திருந்தால் உறைபனியைத் தாங்கும், நனைந்து உறைந்தால் போய்விடும். எனவே குளிர்கால மழைக்கு மேலே ஒரு கண்ணாடித் துண்டு சாய்த்து வைக்கிறவர்கள் உண்டு. பக்கங்கள் திறந்திருந்து காற்று ஓட வேண்டும்.

வெயில் குளிர்ந்த இடங்களில் முழுதாகக் கிடைக்கலாம். வெப்பமான இடங்களில் காலை வெயில் மட்டும், மதியத்துக்கு மேல் நிழல். இரவிலும் சூடு தணியாத, குளிர்காலமே இல்லாத சமவெளியில் இது பல ஆண்டுச் செடியாக நிற்காது, பூத்த ஒரு பருவத்தோடு சரி. இதை வாங்குமுன் சொல்லியிருந்தால் பலருடைய பணம் மிஞ்சியிருக்கும்.

உரம் விஷயத்தில் கை அடங்க வேண்டும். தக்காளிச் செடிக்குப் போடும் சாம்பல்சத்து மிகுந்த திரவ உரத்தைச் சொன்ன அளவில் கால் பங்காக்கி, வசந்தத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பூக்கும்வரை. தழைச்சத்து கூடினால் இலை கொழுக்கும், பூ குறையும், கொழுத்த இலைதான் முதலில் அழுகும்.

பூத்தண்டு காய்ந்ததும் பாதியில் கிள்ளி விடாமல், நன்றாக உலர்ந்தபின் பக்கவாட்டில் இழுத்துக் கழற்றுங்கள். அடியிலைகளும் அப்படியே. காகிதமாகக் காய்ந்ததை மட்டும் எடுங்கள், பாதி பச்சையைப் பிய்த்தால் கழுத்தில் புண்ணாகும். வதங்கிய இதழ்கள் இலைக்கொத்தில் விழுந்து ஒட்டினால் சாம்பல் பூஞ்சணம் அங்கிருந்துதான் தொடங்கும். இடுக்கி ஒன்றைத் தொட்டி பக்கத்திலேயே வைத்திருப்பது நல்ல பழக்கம்.

அழுகல் வந்துவிட்டால்? இலைக்கொத்தை லேசாகத் திருகிப் பாருங்கள். தளர்ந்த மூடிபோல் அசைந்தால் உடனே வெளியே எடுங்கள். கூர்மையான கத்தியால் கழுத்தைக் கீழிருந்து மெல்லிய வில்லைகளாகச் சீவிக்கொண்டே போங்கள். முதலில் கறுப்பு, பிறகு பழுப்பு, கடைசியில் எந்தக் கறையும் இல்லாத கெட்டியான சதை. நடுவில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி இருந்தாலும் இன்னொரு வில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். வெட்டுவாயில் கந்தகத் தூள் தடவி, நிழலில் காற்றோட்டமாக ஐந்தாறு நாள் அப்படியே போட்டுவையுங்கள். பயப்படாதீர்கள், இலையில் இருக்கும் நீரே போதும். வெட்டுவாய் தோல் கட்டியபின் உலர்ந்த குருணை மேல் உட்காரவைத்து, ஒரு வாரம் கழித்து லேசான ஈரம். வேர் வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். எல்லாம் பிழைக்காது, ஆனாலும் குப்பையில் போடுவதற்குப் பதில் இது மேல்.

நல்ல செடியிலிருந்து பக்கக்கன்று எடுப்பதும் இதே முறைதான். பூ முடிந்ததும் ஓரத்துக் கொத்துகளைச் சின்னக் காம்போடு வெட்டி, இரண்டு நாள் ஆறவைத்து நடுங்கள். கலப்பினங்களுக்கு இதுவே ஒரே வழி, விதை போட்டால் தாய்போல் வராது.

பூச்சிகளில் பூத்தண்டில் அசுவினி, இலையடியில் மாவுப்பூச்சி வரும். சோப்புக் கரைசலைத் தொட்டுத் துடைத்தால் போதும், மேலே தெளித்தால் அது குருத்தில் தேங்கும். தண்ணீர் சரியாக இருந்தும் செடி திடீரென்று வாடினால் வேரைப் பாருங்கள். கொக்கிபோல் வளைந்த, பழுப்புத் தலை வெள்ளைப் புழு வேரைத் தின்றுகொண்டிருக்கலாம். பழைய மண்ணை முழுதும் கொட்டிவிட்டுப் புதுக் கலவையில் நடுங்கள்.

மறுபடி வாங்குவதென்றால், லாஞ்சிபெட்டலா என்ற இன்னொரு லூயிசியாவின் கலப்பினமான 'லிட்டில் பிளம்' போன்றவை ஆரம்பக்காரர்களிடம் கொஞ்சம் பொறுமையாக நடந்துகொள்ளும். ரெடிவிவாவைத் தொடக்கத்திலேயே தொடாதீர்கள். கோடையில் இலையே இல்லாமல் மறைந்துவிடும், அப்போது ஒரு சொட்டும் கேட்காது. செத்துவிட்டதென்று நினைத்து ஊற்றியே கொன்றுவிடுவோம்.

விதை போட ஆசை இருந்தால் காய் வைக்கோல் நிறமாகும்போது கண் வையுங்கள். பத்துமணிப்பூவின் காய்போலவே மூடி கழன்று, கறுத்துப் பளபளக்கும் பொடி விதைகள் கொட்டிவிடும். காய்க்கு ஒரு சின்னக் காகித உறை மாட்டிவிட்டால் தப்பாது. இலையுதிர்காலத்தில் அதே கலவையில் தூவி, மேலே மெல்லிய குருணைப் படலம் போட்டு, குளிர் படும்படி வெளியே வையுங்கள். வெளியே குளிர் இல்லையென்றால் ஈர மணலில் கலந்து பிரிட்ஜில் 4 டிகிரியில் ஐந்தாறு வாரம் வைத்துவிட்டு, 10–15 டிகிரி இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். 20-ஐத் தாண்டினால் முளைப்பு குறையும். நாற்று பூக்க இரண்டாம் அல்லது மூன்றாம் வருடம் ஆகும். முதல் வசந்தத்தில் ஒன்றும் முளைக்காவிட்டால் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், இன்னொரு குளிர்காலம் கடந்து முளைக்கும் விதைகளும் அதில் இருக்கும்.