லூபஸும் அரைப் பட்டினியும்

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து எடுக்கிறேன், எண்ணெயை அடியோடு நிறுத்தி அரை வயிறு சாப்பிட்டால் லூபஸில் (நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் மிகுந்து செல்களைச் சேதப்படுத்துவது, குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் படித்தது சுண்டெலி ஆய்வாகத்தான் இருக்கும். லூபஸ் வரும் வகைச் சுண்டெலிகளுக்குக் கலோரியை 40% குறைத்தபோது சிறுநீரகப் பாதிப்பு தள்ளிப்போனது, ஆயுள் கூடியது. மீன் எண்ணெயும் சேர்ந்தபோது பலன் இன்னும் அதிகம். சரி, ஆனால் அவை ஸ்டீராய்டு சாப்பிடவில்லையே! ஸ்டீராய்டு ஏற்கெனவே தசையையும் எலும்பையும் கரைக்கும், பட்டினி அதை மோசமாக்கும். எடை கூடியிருந்தால் மட்டும், மருத்துவர் பார்வையில் மெதுவாகக் குறையுங்கள்.

கொழுப்பில் அளவைவிட வகைதான் முக்கியம். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பு அழற்சியைத் தணிக்கும். ஆனால் அதன் மூலக்கூறில் ஆக்சிஜன் எளிதில் தாக்கும் இரட்டைப் பிணைப்புகள் நிறைய இருப்பதால் தானே சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடையும். அதனால்தான் மீன் எண்ணெய் மாத்திரைகள் பலவற்றில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ சேர்க்கிறார்கள். சிக்கு வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரென்றால் கேட்காமல் தொடங்க வேண்டாம்.