வாசகர் கேள்வி-பதில்: மெக்டொனால்ட்ஸ் காபி வழக்கு

கேள்வி: காயமடைந்தவர் இழப்பீடு கேட்கும் வழக்கில் பிரதிவாதிக்காக வாதாடுபவர், 1994-இல் அமெரிக்காவில் தீர்ப்பான மெக்டொனால்ட்ஸ் காபி வழக்கிலிருந்து என்ன கற்கலாம்?
- சட்ட மாணவி, திருநெல்வேலி

பதில்: நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கியில், 1992-இல், மெக்டொனால்ட்ஸ் உணவகத்தில் வாங்கிய காபி கொட்டிக் கடுமையான தீக்காயமடைந்த 79 வயது மூதாட்டி முதலில் கேட்டது சுமார் 20,000 டாலர், நிறுவனம் தர முன்வந்ததோ 800 டாலர். பிரதிவாதித் தரப்பின் முதல் பிழை அங்கேயே நிகழ்ந்துவிட்டது என்பேன்.

மூதாட்டியின் கவனக்குறைவும் காரணம் என்ற வாதம் வீண்போகவில்லை. ஜூரிகள், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவினர், அவர்மீது 20 சதவீதப் பொறுப்பைச் சுமத்தி, 2,00,000 டாலர் இழப்பீட்டை 1,60,000 ஆகக் குறைத்தனர். ஆனால், பத்தாண்டுகளில் சுமார் 700 பேர் சூடு பற்றிப் புகார் செய்திருந்தும், விற்ற கோடிக்கணக்கான கோப்பைகளோடு ஒப்பிட்டால் அது அற்பமான எண்ணிக்கை என்று நிறுவனத் தரப்புச் சாட்சிகள் கூறியபோது, ஒவ்வொரு புகாருக்குப் பின்னாலும் வெந்துபோன ஓர் உடல் இருப்பதை ஜூரிகள் மறக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு நாள் காபி விற்பனைக்கு ஈடான 27 லட்சம் டாலரை, இழப்பீட்டுக்கு மேல், நிறுவனத்தைத் தண்டிப்பதற்கான தொகையாக அவர்கள் விதித்ததற்கு, காயத்தைவிட இந்த அலட்சியமே பெரிய காரணம் என்று கருதுகிறேன். பின்னர் நீதிபதி அதை 4,80,000 டாலராகக் குறைத்தார்; இறுதியில் இருதரப்பும் சமரசமாயின.

ஆகவே, கட்சிக்காரரின் பழைய புகார்க் கோப்புகளை விசாரணைக்கு முன்பே முழுமையாகப் படித்து, நிபுணர் சாட்சி அவற்றைப் பற்றி எந்தத் தொனியில் பேசுவார் என்பதையும் அறிந்த பிறகே, சமரசத் தொகையை ஏற்பதா மறுப்பதா என்று அவருக்கு ஆலோசனை கூறுங்கள்.