கண்டெய்னர் கட்டுவது பற்றிக் கேளுங்கள்

சரக்குக் கப்பலில் டெக் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவன். இப்போது காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு. கேளுங்கள்.

அண்ணா, பெட்டிகளைச் சங்கிலி போட்டுக் கட்டுவார்களா? (பர்கூர்)

சங்கிலி இல்லை தம்பி. பெட்டியின் எட்டு மூலையிலும் ஓட்டை வைத்த இரும்பு வார்ப்பு இருக்கும். மேல்பெட்டிக்கும் கீழ்பெட்டிக்கும் நடுவில் மூலைக்கு ஒரு ட்விஸ்ட் லாக், அதாவது திருகிப் பூட்டும் இரும்புப் பூட்டு. கீழடுக்குகளுக்கு அதோடு நீளமான இரும்புக் கம்பியைக் குறுக்காக மாட்டி, டர்ன்பக்கிள் என்ற திருகு இறுக்கியைத் திருகி இறுக்குவோம். கம்பியை அண்ணாந்து தூக்கி, அதன் தலையை அந்த ஓட்டைக்குள் நுழைப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். துறைமுகத்தில் கட்டியதோடு முடியாது. கப்பல் ஆட ஆடத் தளரும், போகிற வழியிலும் இறுக்க வேண்டும். கப்பல் வயிற்றுக்குள் போகும் பெட்டிக்குக் கம்பி தேவையில்லை, செங்குத்துச் சட்டங்களுக்கு நடுவே இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

இத்தனை கட்டியுமா விழுகிறது? (மாங்கூழ் ஆலை, கிருஷ்ணகிரி)

விழுகிறது. 2019 ஜனவரியில் எம்எஸ்சி ஸோ என்ற கப்பல் 342 பெட்டிகளை வடகடலில் விட்டது. 2020 நவம்பரில் ஒன் ஏபஸ் என்ற கப்பல் பசிபிக்கில் 1,800க்கும் மேல். ஓர் அடுக்கு சாய்ந்தால் பக்கத்து அடுக்கையும் தள்ளும். கடல் பாதிக் காரணம் என்றால், எடையில் சொல்லும் பொய்யும் ஒரு காரணம். லேசு என்று நம்பி உச்சியில் வைத்த பெட்டி கனமாக இருந்தால் எந்தக் கம்பி தாங்கும்?

கிரானைட் கனமீட்டருக்கு 2.7 டன். அளந்து பெருக்கினால் போதாதா?

போதாது. 2016 ஜூலை 1 முதல் எடை போட்ட சான்று இல்லாமல் பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது. நிரப்பிய பெட்டியை அப்படியே எடை போடலாம். இல்லை, உள்ளே போவதையெல்லாம் தனித்தனியாகப் போட்டுக் காலிப் பெட்டியின் எடையைக் கூட்டலாம். அவ்வளவுதான் வழி.

பெட்டிக்குள் டிரம்முக்கு நடுவில் இடைவெளி விடலாமா?

கூடாது. கட்டை, காற்றுப் பை எதையாவது வைத்து அடையுங்கள்.

சங்கிலி போடுவார்களா அண்ணா?

மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

கப்பல் வேலைக்கு எங்கே படிக்கலாம்?

கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலைப் பாருங்கள். ஏஜெண்டிடம் பணம் கட்டாதீர்கள்.

மறுபடியும் கிரானைட்காரன்தான். இருபது வருடமாகக் கண்ணாலேயே எடை சொல்கிறேன், தப்பியதில்லை.

குவாரியிலிருந்து வரும் கல் என்ன, செங்கல் மாதிரி சதுரமாகவா வருகிறது? ஒரு பக்கம் புடைத்திருக்கும், ஒரு பக்கம் மூளியாக இருக்கும்.

ஒரு டன் கூடினால் அவ்வளவு பெரிய கப்பலுக்கு என்ன ஆகிவிடும்?

கப்பலுக்கு ஒன்றும் ஆகாது. கீழே இருக்கும் பெட்டிக்கு ஆகும். அப்படி ஒன்றை நானே பார்த்தேன்: மூலைத்தூண் முழங்கால் மாதிரி மடங்கி, கதவு திறக்காமல் அறுத்து எடுத்தார்கள். எடைமேடைச் சீட்டோடு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.