பயணம் கேளுங்கள்: கடல்மேல் வீட்டுக்கு எந்தத் தீவு?

கேள்வி: அக்கா, வரும் ஜனவரியில் எங்களுக்கு 25-ஆவது திருமண நாள். கடலுக்குள் கால் நட்டுக் கட்டியிருக்கும் மரவீட்டில் நான்கு இரவு தங்கிவிட்டு வாருங்கள், பணம் நான் தருகிறேன் என்கிறான் அபுதாபியில் இருக்கும் மகன். மாலத்தீவு, போரா போரா, மலேசியா என்று மூன்று படம் அனுப்பியிருக்கிறான். மூன்றும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்கு முழங்கால் வலி. மீன் இல்லாமல் சோறு இறங்காது. எங்கே போகலாம்?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: மாலத்தீவுக்குப் போங்கள். மற்ற இரண்டையும் ஏன் ஒதுக்குகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் மகன் என்னோடு சண்டைக்கு வருவான்.

போரா போராவின் அழகில் குறை சொல்ல முடியாது. நடுவில் 727 மீட்டர் உயரத்துக்கு ஒட்டேமனு மலை, சுற்றிலும் காயல், காயலில் வீடுகள். ஆனால் அது கிடப்பது பசிபிக் பெருங்கடலின் நடுவில். இரண்டு மூன்று விமானம் மாறி, தாஹிட்டித் தீவிலுள்ள பபேத்தே நகருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இன்னொரு சிறிய விமானம் ஏற வேண்டும். அது பிரான்சின் ஆட்சிப் பகுதி என்பதால் பிரெஞ்சுக்காரர்களிடம் விசாவுக்கு விண்ணப்பிக்கும் வேலை வேறு. நான்கு இரவுக்காக அந்த முழங்காலை அத்தனை மணி நேரம் மடக்கி வைப்பது பாவம்.

மலேசியா செலவு குறைவு. திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானமும் உண்டு. போர்ட் டிக்சனில் செம்பருத்திப் பூ வடிவத்தில் கடலுக்குள் அறைகளைக் கட்டியிருக்கிறார்கள். பூ, மேலே பறப்பவனுக்குத்தான் தெரியும். அறைக்குள் இருப்பவருக்குத் தெரிவது மலாக்கா நீரிணையின் கலங்கல் தண்ணீர். பத்துமலை முருகனைப் பார்க்கப் போகும்போது ஓர் இரவு அங்கே தங்கலாம். வெள்ளி விழாவுக்கு அது போதாது.

மாலத்தீவோ நம் வாசலில் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து அதன் தலைநகர் மாலே ஏறக்குறைய 600 கிலோமீட்டர்தான். நம் பக்கத்திலிருந்து ஆசிரியர்களும் நர்ஸ்களும் காலங்காலமாக அங்கே போய் வேலை பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள்; உங்கள் தெருவிலேயே விசாரிக்க ஆள் கிடைப்பார். சுற்றுலா விசாவை இறங்கும் இடத்திலேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள். புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற இணையப் படிவத்தை நிரப்பிவிடுங்கள், அதற்கும் காசில்லை. ஜனவரி அங்கே மழை ஓய்ந்த காலம். கூட்டமும் விலையும் ஏறியிருக்கும் காலமும் அதுவே.

இனி விலை. விளம்பரத்தில் ‘ஓர் இரவு 300 டாலர்’ என்று போட்டு, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளைச் சின்னதாக வைத்திருப்பார்கள். முதல் குறி, 10 சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது, சுற்றுலா ஜி.எஸ்.டி.; 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம், அதுவும் சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகையின் மேல். 300 முதலில் 330 ஆகும், பிறகு 386 ஆகும். ரிசார்ட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி உண்டு, இருவருக்கு 24. ஆக 410 டாலர். இதில் சோறும் வரவில்லை, படகும் வரவில்லை. தீவில் வேறு கடை கிடையாது என்பதால், மூன்று வேளை சாப்பாட்டோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். ‘எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு’ என்று எழுத்தில் கேட்டு வாங்குவது உங்கள் மகனின் வேலை.

படகுக்கு வருவோம். நான் தீவைத் தேர்ந்தெடுப்பதே அறையின் படத்தை வைத்தல்ல, விமான நிலையத்திலிருந்து அங்கே எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பதை வைத்துத்தான். தூரத்துத் தீவுகளுக்குக் கடல் விமானம். மேலிருந்து பவளத் திட்டுகளைப் பார்ப்பது கண்ணுக்கு விருந்து, மறுக்கவில்லை. ஆனால் போய்வர ஆளுக்குப் பல நூறு டாலர். ஏறும் படி குறுகல். உள்ளே காது அடைக்கும் இரைச்சல். பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் சாயங்காலம் மாலேயில் இறங்கினால் அன்றிரவு விமான நிலையத்தை ஒட்டிய ஊலுமாலே நகரில் ஒரு சாதாரண அறைதான். நான்கு இரவில் ஒன்று அப்படியே கரையும். ஆகவே வட மாலே அல்லது தென் மாலே பவளத்தீவுக் கூட்டத்தில், விரைவுப் படகு போகும் இடமாகப் பாருங்கள். படகு இருட்டிய பிறகும் ஓடும். பின்வரிசையில் உட்காருங்கள், முன்பக்கம் தூக்கிப் போடும்.

நான்கு இரவும் கடல்மேல் வேண்டாம். இரண்டு இரவு கரை வில்லா, இரண்டு இரவு நீர் வில்லா என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கரை வில்லா விலை குறைவு; வாசலில் மணலும் தென்னை நிழலும் இருக்கும். காற்றடிக்கும் இரவில் நீர் வில்லாவின் பலகைத் தரைக்கு அடியில் அலை தட்டிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அது தாலாட்டு. எனக்கு யாரோ விடிய விடியக் கதவைத் தட்டுவது போல இருந்தது.

பதிவு செய்யுமுன் ரிசார்ட்டுக்கு இரண்டு கேள்வி அனுப்புங்கள். வில்லாவிலிருந்து கடலில் இறங்க நிமிர்ந்த ஏணியா, கைப்பிடி வைத்த படியா? தண்ணீருக்குள் நிற்கும் கடைசிப் படிகளில் பாசி பிடித்திருக்கும். வலிக்கும் முழங்காலுக்கு ஏணி ஆகாது. அடுத்து, அந்த இடத்தில் காயலின் ஆழம் என்ன? இடுப்பளவு மணல்தரை என்றால் நீங்களும் உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு இறங்கலாம். பவளப்பாறை விளிம்பை ஒட்டிய வில்லாக்களைப் புகழ்ந்து எழுதுவார்கள். மீன் கூட்டத்தைப் பார்க்க அவைதான் நல்லவை, நீந்தத் தெரிந்தவருக்கு. இன்னொன்று: 1998-லும் 2016-லும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்துப் பெருஞ்சேதம் ஆனது. பழைய படத்தில் உள்ள நிறம் இன்றும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

அவருடைய சாப்பாட்டுக்குக் குறையே இருக்காது. அங்கே காலைப் பலகாரத்திலேயே சூரை மீன் வந்துவிடும். மகன் பாசத்தோடு வாங்கித் தரும் வெளிநாட்டு பாட்டிலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மதுவை நாட்டுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. ரிசார்ட்டில் தாராளமாகக் கிடைக்கும், விலை கேட்டால் தெளிந்துவிடும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். மாலத்தீவில் சமாளிக்க முடியுமா?
— வாசகர், கொல்லங்கோடு, பாலக்காடு

பதில்: ரிசார்ட்டில் முடியும்; முன்பே எழுதிச் சொல்லிவிடுங்கள். காலையில் துருவிய தேங்காயும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்து, சப்பாத்தி போன்ற ரொட்டியோடு வைத்திருப்பார்கள். தேங்காய்த் துவையல் என்று அள்ளிவிடாதீர்கள். அது மாஸ் ஹுனி. சூரையை உதிர்த்துக் கலந்தது.

கேள்வி: ஜூன், ஜூலையில் பாதி விலை என்கிறார்களே, போகலாமா?
— வாசகி, செங்கோட்டை

பதில்: உங்கள் ஊரில் சாரலும் குற்றாலத்தில் தண்ணீரும் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் அடிக்கும். நாள் முழுக்க மழை என்றில்லை. விட்டுவிட்டுப் பெய்யும், கடல் கொந்தளிக்கும். வில்லாவை மட்டும் நம்பிப் போனால் ஏமாற்றம் வரலாம். ஆனால் மாலத்தீவின் ‘பா’ என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் ஹனிஃபாரு விரிகுடாவுக்கு மாண்டா திருக்கைகள் கூட்டமாக இரை தேடி வருவது இந்தப் பருவத்தில்தான். திருக்கை பார்க்க ஆசை இருந்தால் தைரியமாகப் போங்கள்.

கேள்வி: இந்தச் செலவெல்லாம் நமக்குக் கட்டாது. பூவாறு போனால் என்ன?
— வாசகர், களியக்காவிளை

பதில்: போகலாமே. நெய்யாறு கடலில் சேரும் கழிமுகம். அங்குள்ள தீவு ரிசார்ட்டுகளுக்குப் படகில்தான் போக முடியும். மிதக்கும் குடில்கள் உண்டு. காலையில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகும்போது மீன்கொத்திகளைப் பார்க்கலாம். ஆனால் கீழே இருப்பது நீலக் காயல் அல்ல, ஆற்றுத் தண்ணீர். மணல் திட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடல் பொல்லாதது, இறங்கவே கூடாது. சனி ஞாயிறில் படகு இரைச்சல் தாங்காது. செவ்வாய், புதனில் போங்கள். படகுக் கூலி அறை வாடகையில் சேர்ந்ததா என்று கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

கேள்வி: கடல்மேல் வீடு கட்டும் யோசனை முதலில் யாருக்கு வந்தது? லட்சத்தீவில் இப்படி உண்டா?
— வாசகர், பாறசாலை

பதில்: தண்ணீரில் கால் நட்டு வீடு கட்டுவது மீனவர்களின் பழைய வழக்கம். அதை ஹோட்டல் அறையாக்கியவர்கள், பிரெஞ்சு பாலினேசியாவின் ராயாத்தேயா தீவில் ஹோட்டல் நடத்திய மூன்று அமெரிக்கர்கள், ஆண்டு 1967. அந்தத் தீவில் சொல்லிக்கொள்ளும்படி மணற்கரை இல்லை. அதனால் அறையைத் தண்ணீருக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

லட்சத்தீவில் சுஹேலி, கட்மத் தீவுகளில் நீர் வில்லாக்களோடு ரிசார்ட் கட்டப்போவதாக டாடா குழுமத்தின் ஹோட்டல் நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. நம் நாடாக இருந்தாலும் அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு கைக்கு வந்த பிறகு கொச்சி–அகத்தி விமானத்துக்குப் பணம் கட்டுங்கள்.